கடலிலிருந்து வந்த கணக்காளர்

“கடலட்டை பிடிச்சவரெல்லாம் கணக்காளர் எண்டா, நாங்க என்னத்துக்குப் படிச்சது?”

மர்ஸூக் இதை மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கந்தோர் முழுக்கக் கேட்கிற மெதுவு.

பக்கத்து மேசை றம்ஸியா தலையை நிமிர்த்தவில்லை. “அவரும் படிச்சிட்டுத்தானே வந்திருக்கார், நானா.”

அந்தப் பதில்தான் மர்ஸூக்குக்கு இன்னும் எரிந்தது.

பாலாவியில் இஸ்ஸதீன் ஹாஜியாரின் உப்புக் கம்பனி. மர்ஸூக் அங்கே கணக்கு எழுதத் தொடங்கிப் பல வருஷம். ஏஏடி என்கிற கணக்கியல் சோதனையைப் பாதியில் விட்டவன். சுஹைர் வந்தது போன வருஷம்தான். கற்பிட்டிக் கடலில் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்குச் சுழியோடியவன். ஒரு கால் விளங்காமல் போன பிறகு, கட்டிலில் கிடந்தபடியே கணக்கியல் படித்து, அதே சோதனையை ஒரே தரத்தில் பாஸ் பண்ணிக்கொண்டு ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான்.

றம்ஸியா இப்போது சந்தேகம் கேட்பது சுஹைரிடம். ஹாஜியார் பிளேன்ரீ குடிக்கக் கூப்பிடுவதும் சுஹைரை. கொழும்பிலிருந்து கணக்குச் சரிபார்க்க வந்த ஓடிற்றர் போகும்போது சுஹைரின் தோளில் தட்டிக்கொடுத்தார். மர்ஸூக்கைப் பார்த்து, “அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க தம்பி” என்றார்.

மர்ஸூக் எழும்பிப் போய் ஃபேனைக் குறைத்தான்.

பிரதம கணக்காளர் கட்டாருக்குப் போனார். அவருடைய கண்ணாடி அறை காலியானது. அது யாருக்கு என்று கந்தோரில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்தது போலத்தான் இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

நேரே ஹாஜியாரிடம் போனான்.

“ஹாஜியார், சுஹைர்ட கால் எப்பிடிப் போனதெண்டு விசாரிச்சீங்களா?”

“கடல்ல ஏதோ விபத்தாம்.”

“விபத்தில்ல. ஆழத்துல இருந்து மெல்ல மெல்லத்தான் மேல வரணும். ஒரே மூச்சுல வந்தா உடம்பு முறிஞ்சிடும். அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். தன்ட உசிருக்கே கணக்குப் பார்க்காத ஆளிட்ட உங்கட கம்பனியக் குடுக்கப் போறீங்களா?”

ஹாஜியார் தாடியைத் தடவினார். பிறகு சுஹைரைக் கூப்பிட்டார். மர்ஸூக் வெளியே போகவில்லை. கதவோரம் நின்றுகொண்டான்.

“சுஹைர், உள்ளதச் சொல்லுங்க. மேல வரக்குள்ள பிழை விட்டது நீங்களா?”

“ஓம் ஹாஜியார்.”

“தெரியாமலா?”

“தெரிஞ்சுதான்.”

“அப்ப ஏன்?”

சுஹைர் வாயெடுத்தான். அவன் கண் ஒரு தரம் மர்ஸூக்கின் பக்கம் போய் வந்தது.

“அந்த நேரம் அப்பிடி, ஹாஜியார். அத விடுங்க.”

“தெரிஞ்சே அவசரப்படுற ஆளை நம்பி நான் எப்பிடிப் பெரிய பொறுப்பைக் குடுக்கிறது?”

சுஹைர் தலையை ஆட்டினான், நியாயம்தான் என்பது போல.

பின்னேரமே கண்ணாடி அறைச் சாவி மர்ஸூக்கின் கையில் இருந்தது. சுஹைர் ஊன்றுகோலோடு வந்து, அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகொடுத்து வாழ்த்தினான். “முபாறக், நானா. நல்லாச் செய்வீங்க.”

‘நடிக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டான் மர்ஸூக்.

அன்று புரியாணியும் வட்டிலப்பமுமாக வீட்டுக்குப் போனான். உம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தம்பி ஃபஸ்லான் புத்தளம் ஃபோன் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மர்ஸூக்குக்கு வெற்றியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊன்றுகோல், ஹாஜியாரின் கேள்வி, சுஹைர் முழித்த முழி, எல்லாவற்றையும் நடித்துக் காட்டிச் சிரித்தான்.

“அவருக்குப் பதிலே வரல்ல, உம்மா! ‘அத விடுங்க’வாம்!”

ஃபஸ்லான் பாதியில் எழும்பிவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

“என்னடா, புரியாணி சரியில்லையா?” மர்ஸூக் பின்னாலேயே போனான்.

ஃபஸ்லான் உள்ளே எட்டிப் பார்த்தான். உம்மாவுக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தான்.

“நானா, நான் மொதல்ல கற்பிட்டியில ஃபோன் கடையில நிண்டதெண்டு சொன்னது பொய். கடலுக்குத்தான் போனேன்.”

வாப்பாவைக் கடல் கொண்டுபோன வீடு அது. கடலில் இறங்குவதில்லை என்று உம்மா இரண்டு மகன்களிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

“சுஹைர் நானாட படகுல. அவர் நெடுநேரமா கீழ நிண்டவர். நான் அப்பதான் இறங்கினேன். இறங்கின கையோட சிலிண்டர்ல காத்து வரல்ல. மயங்கிட்டேன். அவர் என்னக் கட்டிப் பிடிச்சிட்டு ஒரே மூச்சுல மேல வந்தார். நான் ரெண்டு நாள்ல எழும்பிட்டேன். அவருக்குக் கால் போய்ட்டு.”

உள்ளே உம்மா வட்டிலப்பத்துக்குத் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப... ஹாஜியார் கேட்டப்போ ஏன்டா அவர் சொல்லல்ல? சொல்லியிருந்தா அந்த எடம் அவருக்குத்தானே?”

“ஹாஜியார் கேக்கக்குள்ள நீங்களும் அங்க நிண்டீங்களா?”

“ஓம்.”

“அவர் உங்கட கந்தோருக்கு வந்தப்பவே, உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதெண்டு நான் அவர்ட கையப் பிடிச்சு அழுதிருந்தேன், நானா.”