பதினேழாம் நம்பர் படம்

“பெரியவரே, கொஞ்சம் நகருங்க. பதினேழாம் நம்பர் படம் தெரியல.”

சுமைக்காரர் காதில் விழாதவர் போல நின்றார். அரை மணி நேரமாக அதே இடம்தான். முதுகைச் சுவரோடு ஒட்டி, கையைப் பின்னால் கட்டி, நூலகத்து மாடி ஹாலில் நட்டுவைத்த தூண் மாதிரி. கேட்ட பெண் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனாள்.

ஊர் வரலாற்றுக் குழு நடத்திய கூட்டம் அது. மூடிப்போன பஞ்சாலையின் பழைய போட்டோக்கள் நாற்பது, அந்தக் காலத்து மேனேஜர் வீட்டுப் பெட்டியிலிருந்து கிடைத்தவை, சுவரோரம் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். மேசையில் துண்டுச்சீட்டு, பென்சில், ஓர் அட்டைப் பெட்டி.

“யாரைத் தெரியுதோ அவங்க பேரை எழுதிப் போடுங்க,” என்று குழுவின் செயலாளரம்மா மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். “அடுத்த மாசம் புத்தகமா வருது. படத்துக்குக் கீழ பேரோட அச்சடிக்கப் போறோம். பேர் விட்டுப்போச்சுன்னு அப்புறம் யாரும் சண்டைக்கு வரக் கூடாது.”

ஜனம் சிரித்தது. சுமைக்காரர் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

செயலாளரம்மா நேரே அவரிடமே வந்தார். “ஐயா, நீங்க மில்லுல இருந்தவரா?”

“பஞ்சு மூட்டை சுமந்தேம்மா.”

“அடடா! அந்த வேலைநிறுத்தத்தைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன். பதிவு பண்ணிக்கறோம்.”

“எனக்கு ஞாபகமே இல்லம்மா. வயசாயிடுச்சு.”

கதவோர நாற்காலியில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். போகலாமா என்று மூன்றாவது தடவையாகக் கண்ணால் கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். நகர்ந்தால் படம் தெரிந்துவிடும்.

“அடேய், இங்கதான் இருக்கியா!”

மீசை வந்துவிட்டான். மீசையை எடுத்துப் பதினைந்து வருஷமாகிறது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலைக் காலத்திலிருந்து சிநேகிதன்.

“ஒம்பதாம் நம்பர் பாத்தியா? நான் கொடி பிடிச்சுட்டு நிக்கிறேன், என்ன கம்பீரம்! என் பேரை மூணு சீட்டுல எழுதிப் போட்டுட்டேன். ஒண்ணு தொலைஞ்சாலும் ரெண்டு இருக்குமில்ல?”

“நல்லது. வா, கீழ போய் டீ குடிக்கலாம்.”

“டீ எங்க ஓடியா போகுது? உனக்குப் பின்னால என்னடா?”

“ஒண்ணுமில்ல. ஏதோ மெஷின் படம்.”

“மெஷினுக்கா இத்தனை நேரம் காவல் நிக்கிறே?” மீசை அவர் தோளைப் பிடித்துத் தள்ளினான். மூட்டை சுமந்த உடம்புதான். ஆனாலும் எழுபது வயசு. நகர்ந்துவிட்டது.

படத்தில் ஆலையின் பெரிய கேட். விடிந்தும் விடியாத வெளிச்சம். வேலைநிறுத்தத்தின் நாற்பத்தேழாம் நாள் என்று கீழே குறித்திருந்தது. தொழிலாளிகள் கேட்டில் சுற்றிவைத்த சங்கிலியை ஓர் உருவம் அவிழ்க்கிறது. முகத்தைத் துண்டு மூடியிருந்தது. இடுப்புக்குக் கீழே லாரி மறைத்திருந்தது. அந்த லாரியில் வெளியாட்கள் உள்ளே போன அன்றைக்குத்தான் போராட்டம் உடைந்தது. மீசையோடு சேர்த்து முப்பத்தாறு பேருக்கு வேலை போனது.

மீசையின் சிரிப்பு நின்றது. “இது... அந்த ஆளு.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். “பேர் தெரியாமலே எத்தனை தடவை இவனைத் திட்டியிருக்கேன்!”

“விடுடா. மூஞ்சியே தெரியல. யாருன்னு சொல்லுவே?”

“மூஞ்சி எதுக்கு? சட்டையப் பாரு. தோள்ல ஒட்டுப் போட்டிருக்கு.”

சுமைக்காரர் குறுக்கிட்டார். “மூட்டை தூக்கினா தோள்லதான் கிழியும். அப்ப ஒட்டுப் போடாத சட்டை யார்கிட்ட இருந்துச்சு?”

“எல்லாருக்கும் வலது தோள். இது இடது.” மீசை மெதுவாகத் திரும்பினான். “இடது தோள்ல மூட்டை சுமந்தவன் அந்த மில்லுலயே ஒருத்தன்தான்டா.”

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். கதவோரம் நாற்காலி கிறீச்சிட்டது. மனைவி எழுந்து வந்துகொண்டிருந்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

சுமைக்காரர் முந்திக்கொண்டார். “நான்தான்.”

“என்னது?”

“நான்தான் அவிழ்த்தேன்.” பென்சிலை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பேரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார். “அச்சடிச்சுக்குங்கம்மா.”

மீசை அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை.

“தினம் என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கே. நான் அவனைத் திட்டுறப்பல்லாம் ‘ஆமாடா, ஆமாடா’ன்னு தலையாட்டியிருக்கே.” மீசை ஓரடி பின்னால் போனான். “இனிமே என் வீட்டுப் படி ஏறிடாதே.”

அவரும் மனைவியும் கிளம்பியபோது கூட்டம் வழிவிட்டது. தேவைக்கு அதிகமாகவே விலகி விட்டது.

 பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

“ஏங்க, எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அன்னைக்கு விடிய விடிய நீங்க பிள்ளையோட ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க?”

“ஆமா.” அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். “சட்டை வீட்டுல இருந்துச்சு. நீயும் வீட்டுல இருந்தே. விடிஞ்சதும் மருந்துக்குக் காசோட ஓடி வந்தியே, அது எங்க கிடைச்சுதுன்னு என்னைக்காவது உன்னைக் கேட்டிருக்கேனா?”