தொண்ணூறு பேரின் ஒரு சீட்டு

"ஊருக்கு ஒருத்தரைப் பிடிச்சு இங்க அனுப்பறதுக்குப் பதிலா, ஜனங்களையே நேரா ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க விட்டா என்ன?" என்றார் இல்மர்.

பக்கத்து இருக்கையில் ஹெல்வே கண் திறந்தாள். விடிகாலைப் படகின் ஆட்டம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஊர்ப் பிரதிநிதிகள் கூடியிருந்த, தலைநகர் தாலினின் மண்டபமே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே மூடுபனி.

இல்மர் ஒரு சிற்றூர்ச் சபை உறுப்பினர். அவர் ஊரில் எட்டாயிரம் பேர், ஹெல்வேயின் தீவில் தொண்ணூறு பேர். ஆனாலும் ஆளுக்கு ஒரே ஓட்டுச் சீட்டு. அது அவருக்கு உறுத்தியது.

"நேரா ஓட்டுப் போட்டா எங்க தொண்ணூறு, கடல்ல கரைச்ச பெருங்காயம்" என்றாள் ஹெல்வே.

போன குளிர்காலத்தில் தீவுக்குப் படகு நின்றுபோனது. மருத்துவச்சி வர முடியாமல் ஒரு குழந்தை பிறக்கும்போதே இறந்தது. இந்த ஒரு சீட்டுக்காகத்தான் இரண்டு வேட்பாளர்களும் போன் செய்து, படகுக்காக அரசாங்கத்தை நெருக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"அப்போ ரெண்டு வேட்பாளர்ல உங்க ஓட்டு ரைவோவுக்குத்தான். ரேடியோவுல அந்தாள் பேசினா வெண்ணெய் உருகுது" என்றார் இல்மர்.

"உருகும். தூரத்துல இருக்கறவங்களுக்குக் குரல்தான் தெரியும். வாக்கைக் காப்பாத்துவாங்களான்னு கிட்ட இருந்து பார்த்தவங்க எடை போடணும். 'உனக்குச் சரின்னு படறதைப் போடு'ன்னுதான் என்னை அனுப்பியிருக்காங்க."

அவள் முறை வந்தது. ஓட்டுப் போடும் மறைப்புக்குள் வெகுநேரம் நின்றாள். இறந்த குழந்தைக்குத் பின்னி வைத்திருந்த சின்னக் காலுறைகள் கண்ணுக்குள் வந்தன. சீட்டில் குறியிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மாலையில் முடிவு வந்தது. எதிர் வேட்பாளரான பேராசிரியை ரைவோவை ஒரே ஓட்டில் வென்றிருந்தார். இல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் பனிக்குள் படகுக்காகக் காத்திருந்தபோது ஹெல்வேயின் போன் அடித்தது.

"ஒரே ஒரு ஓட்டுல போச்சு, அக்கா" என்றான் ரைவோ. "நீ எனக்குத்தானே போட்டே?"

"பதினாலு வருஷமா 'இந்தக் கோடைக்குக் கட்டாயம் வீட்டுக்கு வரேன்'னு வாக்குக் குடுக்கறே, தம்பி. அதை எடை போட என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள் ஹெல்வே. "இனிமே குளிர்காலத்துலயும் படகு வரும். எப்ப வேணா வா."