யார் எடுப்பது?

"பொறுக்கியெடுத்த நாலு படமெல்லாம் வேண்டாம். ஒரே கல்யாணத்தோட முழு ஆல்பத்தையும் காட்டுங்க," என்றாள் கல்யாணப் பெண்.

பக்கத்தில் மாப்பிள்ளை நெளிந்தான். "விடேன், போதும்."

"எல்லாரும் கேக்கறதைத்தானே நானும் கேக்கறேன்?"

ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தை நீட்டினார். அவள் ஒரு பக்கம் விடாமல் புரட்டினாள்.

"நடுவுல கேமரா மக்கர் பண்ணினா?"

"கையில இன்னொண்ணு இருக்கும்."

"எடுத்த படம் அழிஞ்சுபோனா?"

"அன்னைக்கே ரெண்டு இடத்துல காப்பி போட்டுடுவோம்."

"சரி, உங்க ஸ்டுடியோதான். யார் வந்து எடுப்பாங்க?"

"இதென்ன கேள்வி? நானேதான்! உங்க கல்யாணத்துல வேற யாரையும் கேமராவைத் தொட விடமாட்டேன்."

"அது மட்டும் வேண்டாம். உங்ககிட்ட வேலை பார்க்குற அக்காவை அனுப்புங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "ஏன், என் வேலையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. என் முதல் பிறந்தநாள்லேர்ந்து நிச்சயதார்த்தம் வரைக்கும் எல்லாத்தையும் நீங்கதான் எடுத்தீங்க. அதனாலயே ஒரு படத்துலகூட நீங்க இல்ல. இந்தத் தடவை நீங்க என் பக்கத்துல நிக்கணும், அப்பா."

ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தை வாங்கி மூடி வைத்தார்.

"கேமரா முன்னாடி நின்னா எனக்குச் சிரிப்பே வராதேம்மா," என்றார் பிறகு, முகமெல்லாம் சிரிப்பாக.