உள்ளே இருந்து திறக்க வேண்டிய கதவு

பேராயர் மூன்றாவது முறையும் தட்டிவிட்டார். கதவு திறக்கவில்லை.

புது ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யும்போது பேராயர் தன் கோலால் மூன்று முறை தட்ட வேண்டும், உள்ளே நிற்பவர் திறக்க வேண்டும். அதுதான் எங்கள் ஆங்கிலிக்கன் முறை. உள்ளே நிற்பவர் என் வீட்டுக்காரர். அவரைத் தவிர உள்ளே யாருமில்லை.

வெளியே நாங்கள் நூற்று நாற்பது பேர், புதுத் துணியும் வியர்வையுமாக.

பேராயர் கோலைப் பிடித்தபடி காத்திருந்தார். இந்த ஒரு நாளுக்காக இரண்டு வருடம் கடிதம் எழுதியிருக்கிறோம். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு வேறு ஊரில் ஆராதனை. இன்று நடக்காவிட்டால் இனி அடுத்த வருடம்தான்.

"வேணும்னேதான் பண்றாரு," என்றார் கமிட்டி செயலாளர், என் காதில் விழ வேண்டும் என்றே.

அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது.

இந்தச் சபை பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் லாண்ட்ரியில் ஐந்து பேரோடு தொடங்கியது. இஸ்திரி மேசைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டால் அதுதான் பீடம். ஞாயிறு காலை மெஷின்களுக்கு ஓய்வு. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்து நடத்துவது என் வீட்டுக்காரர். ஐந்து பதினைந்தாகி, பதினைந்து நாற்பதாகி, ஆட்கள் மாடிப்படியில் நின்று ஜெபித்த காலமும் உண்டு. பிறகுதான் பக்கத்து மனையில் சுவர் எழும்பியது.

போன மாதம் கமிட்டி கல் பீடம் என்றது. இவர் அந்த இஸ்திரி மேசையே இருக்கட்டும் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். என் கையையும் சேர்த்து இவர் பக்கம் நான்கு கை.

மனத்தாங்கல் வேண்டாம் என்று கதவு திறக்கும் மரியாதையை இவருக்குக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு லாண்ட்ரிக்காரர் இப்போது பழி தீர்க்கிறார் என்று முற்றம் முழுக்க முடிவு கட்டிவிட்டது. யார் முகத்தைப் பார்த்தாலும் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பழி தீர்க்கவெல்லாம் தெரியாது. சட்டைப் பொத்தானைத் தொலைத்தவர்கள் பழியை இவர்மேல் போட்டாலும், புதுப் பொத்தான் தைத்துக் கொடுத்து அனுப்புகிற மனுஷன்.

முதல் தட்டிலேயே என் கண் கோலின் நுனிக்குப் போய்விட்டது.

நேற்று ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. தச்சர் தன் கொட்டாப்புளியால், அந்தக் கனத்த மரச் சுத்தியலால், மூன்று போடு போட்டார். மூன்றாவது போட்டில் கதவு திறந்தது. ஆனால் புது வார்னிஷில் ஒரு வடு விழுந்துவிட்டது. அதனால் இன்று காலை பேராயருடைய கோலின் நுனியில் கம்பளித் துணியை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டார். எல்லோரும் அவரை மெச்சினோம். நானும்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பக்கத்து ஜன்னலை உடைக்கலாமா என்று செயலாளர் கேட்டார். பேராயர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இனி நின்று பயனில்லை. எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய்க் கதவடியில் முழங்காலிட்டேன். நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்துப் பின்னால் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவினேன். இவர் கஞ்சி போட்டு மடித்தது, அட்டை போல விறைப்பாக இருக்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவே அதை உள்ளே தள்ளினேன். இன்னும் தள்ளினேன். எதிலோ முட்டியது. வெறுங்காலோடுதான் நிற்பார். விரலைச் சீண்டுவது போல இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

தாழ்ப்பாள் விலகியது. நான் எழுந்து பேராயருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வலது உள்ளங்கையை முன்னால் நீட்டியபடியே நின்றார். முகத்தில் கோபமில்லை. பயந்துபோயிருந்தார்.

"இந்த வீட்டுக்குச் சமாதானம்," என்றார் பேராயர்.

இவர் அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மோவாயைத் தொட்டேன்.

"உள்ளே வருகிற அனைவருக்கும் சமாதானம்," என்றார் இவர் கணீரென்று.

பின்னால் யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் லாண்ட்ரிக்காரருக்கு ஜெபமே வராது என்பது எங்கள் சபையின் பழைய கேலி.

கேலி செய்தால் செய்யட்டும். நான் மோவாயைத் தொட்டால் அவர் அடுத்த பதிலைச் சொல்ல வேண்டும். தோட்டைத் தொட்டால் எழுந்து நிற்க வேண்டும். முந்தானையைச் சரிசெய்தால் உட்கார வேண்டும். நான்கு வருடமாக முன்வரிசையை நான் யாருக்கும் விட்டதில்லை.

துணி பிழிகிற மெஷின்கள் முதலில் ஒரு காதைத் தின்றன, பிறகு மற்றதையும். தெரிந்தால் ஜெபப் புத்தகத்தை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று, வெளியே சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டால் தட்டுவது அதிர்ந்து தெரியும் என்று காலையில் தைரியமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். கொட்டாப்புளிக்கு அதிர்ந்த கதவு கம்பளிக்கு அசையவில்லை.

உள்ளே காலை வைக்கப் போன பேராயர் நின்றார். குரலைத் தாழ்த்தி, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டீங்களே ஐயா, எங்க மேல கோவமா?"

அதற்கு எங்களிடம் சைகை இல்லை. என் கை பாதி வழியில் நின்றுவிட்டது. இவர் என்னையே பார்த்தார்.

"ஆமென்."

முற்றமே சிரித்தது. செயலாளர் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

பேராயர் மட்டும் சிரிக்கவில்லை. கோலின் நுனியில் சுற்றியிருந்த கம்பளியைப் பார்த்தார். வாசற்படியில் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு ஜெபப் புத்தகத்தைப் பிரித்தார். அடுத்த வரியை வாசிக்கும் முன், எங்கள் இருவருக்கும் நடுவே நின்றிருந்தவர் ஒரு அடி விலகி நின்றுகொண்டார்.