துணிக்குள் பேரம்

சந்தைப்பேட்டை ஓரத்தில் அரசாங்கம் நட்டுவைத்த சார்ஜிங் கம்பம், திறப்புவிழாவை எதிர்பார்த்துச் சிவப்புத் துணி போர்த்திக்கொண்டு மாசக்கணக்காக நின்றது. அதை நம்பி பேட்டரி ஆட்டோ வாங்கியவர் மாட்டுத் தரகர் காளியண்ணன். வீட்டில் ஏற்றும் சார்ஜ் சந்தைக்கு வரக் காணும், திரும்பக் காணாது. சந்தைக்குச் சந்தை டிராக்டர் பின்னால் கயிறு கட்டி வீடு போய்ச் சேருவார்.

"தள்ளிவிட்டிருங்க மாமா. கம்பத்துக்கு உசுரு வர்றதுக்குள்ள நமக்குப் போயிரும்" என்றான், ஆட்டோவைப் பாதி விலைக்குக் கேட்ட திருமூர்த்தி.

"துணி போர்த்தி நிக்கறவன் பேரத்துக்கு வந்தவன்தானே மாப்ளே, அவனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

மாடு பிடிக்கும்போது விரல் தொட்டு விலை பேசத் துண்டுக்குள் விடுவதுபோலக் காளியண்ணன் சிவப்புத் துணிக்குள் கையை விட்டார். ஒரு மாசத்தில் கரண்டு வருமா என்று ஒரு விரலை நீட்டினார். உள்ளே ஏதோ அந்த விரலை வெதுவெதுப்பாகப் பிடித்தது. பக்கத்து விரலையும் மெல்லப் பிரித்துவிட்டது. அப்புறம் அதற்கடுத்ததையும். காளியண்ணன் மடக்கினார், அது பிரித்தது. அரசாங்கத்துக்குப் பேரம் தெரியாது என்று எவன் சொன்னான்?

பேரம் படியும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது சந்தை வழக்கம். மாடுகள் வீடு திரும்பின, புழுதி அடங்கியது, வானமும் மெல்லத் துணியின் நிறத்துக்கு வந்தது.

"என்ன மாமா, என்னதான் சொல்லுது?"

"சத்தம் போடாத" என்றார் காளியண்ணன், மூடிய கண்ணைத் திறக்காமல். "இறங்கி வருது."