சிவப்புப் படகு

வலையில் சிக்கிக் கிடைத்த கேமராவில் என் கணவர் கடைசியாக எடுத்த படம், ராமேஸ்வரம் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில் திறந்தது. சிவந்த வானம். அவருடைய வள்ளத்தை மோத வரும் சிவப்பு விசைப்படகு.

“இந்தக் கரையில சிவப்புப் படகு ஒமக்கு மட்டுந்தான் இருக்கு. மச்சானக் கொன்னுட்டு கல்லு மாதிரி நிக்கிறீரு!” என் தம்பி அருள்முருகன், படம் பார்க்க வந்து நின்ற ஹசன் அலியின் சட்டையைப் பிடித்தான்.

நான் ஹசன் அலியின் முகத்தில் துப்பினேன்.

அவர் துடைத்துக்கொண்டார். “ஒம் புருசன் முழுகுனது நடுப்பகல்ல. வானம் மட்டும் ஏன் அந்தி மாதிரி செவந்து கெடக்கு, தங்கச்சி?”

ஸ்டுடியோக்காரர் முனியசாமி கேமராவைத் திருப்பிப் பார்த்தார். “இந்த மாடல் சென்சார்ல நிறக்கட்டங்க வரிசை வேற. சாப்ட்வேர் வழக்கமான வரிசைன்னு எடுத்துக்கிட்டு சிவப்பையும் நீலத்தையும் மாத்திப் போட்டிருக்கு. சரி பண்ணிப் பார்ப்போம்.”

“ஒண்ணும் வேணாம்யா! இதையே பிரிண்ட் போடு, போலீசுல குடுக்கணும்,” என்று தம்பி கத்தினான்.

“பண்ணட்டும்டா. இந்தாளு தப்பிக்க ஒரு சந்தும் இருக்கக் கூடாது,” என்றேன்.

வரிசையை மாற்றியதும் வானம் நீலமானது. படகும் நீலமானது.

எங்கள் கரையிலிருந்து அன்று கடலுக்குப் போன நீலப் படகு ஒன்றுதான். அதை ஓட்டிப்போனவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“பழைய படமே போதும்க்கா. வா, போவோம்.”