மாற்ற மறந்த கேள்வி

ராஜினாமா செய்யப்போகிறவரை முன்கூட்டியே கண்டுபிடித்து, அவரிடம் எப்படிப் பேசித் தடுப்பது என்று மேலாளருக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது. கம்பெனிக்குள் மட்டும் இருந்ததை வீடுகளுக்கு விற்கத் தோதாக மாற்றும் வேலை தமயந்தியின் தலையில் விழுந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து, 'ஊழியர்' என்றிருந்த இடமெல்லாம் 'குடும்பத்தினர்' என்று மாற்றினாள். சொன்ன தேதியில் விற்பனைக்கும் வந்துவிட்டது.

பத்தாம் நாள் அவள் அலுத்துப்போய் வீடு திரும்பியபோது கணவன் முகுந்தன் காபியோடு நின்றான். பதினோரு வருஷமாக அடுப்படிப் பக்கமே வராதவன்.

"உக்காரு. ரொம்ப அசந்துபோயிருக்க."

செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"உங்கப்பாவுக்கு முட்டி வலி தேவலையா?"

அவளுக்குச் சுரீரென்றது. முதலில் காபி, பிறகு போன், அப்புறம் பெற்றோர் உடல்நலம். வரிசை அவள் எழுதியதுதான். வீட்டைவிட்டுப் போகப்போவதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட.

அவன் போனை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டான்.

"நீ போயிட்டா, இதுவரைக்கும் பாத்த வேலையெல்லாம் யார்கிட்ட ஒப்படைப்ப?"

ஆபீஸ் கேள்வி. மாற்ற மறந்திருக்கிறாள்.

காபியை ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அதிகம்.

"உங்ககிட்டதான்" என்றாள்.